இணையத் தமிழைக் கண் நோகாமல் வாசிக்க: கணினித் திரைக்கான வழிகாட்டி

இணையப் பக்கத்தில் எழுத்துச் சிறிதாக இருந்தால் பலர் முதலில் செய்வது முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோவதுதான். பத்து நிமிடத்தில் கழுத்து நோகும், அரை மணியில் கண் எரியும். கடைசியில் "இதில வாசிக்க ஏலாது, பிரிண்ட் எடுத்துத் தா" என்று பிள்ளையிடம் கேட்பதில் போய் முடியும்.

அதே திரையில் ஆங்கிலப் பக்கத்தைச் சிரமமில்லாமல் வாசிப்பவரும் தமிழ்ப் பக்கத்தில் திணறுவதுண்டு. குரோம், பயர்பொக்ஸ் போன்ற உலாவிகளின் வழமையான எழுத்து அளவு 16 பிக்சல். பிக்சல் என்பது திரையின் மிகச் சிறு ஒளிக்கட்டம். உரோம எழுத்துக்கு அது போதும். சுழியும் கொம்பும் புள்ளியும் உள்ள தமிழுக்குப் போதாது. 18 முதல் 20 பிக்சல் வரை வேண்டும். வரிகளுக்கிடையிலும் கூடுதல் இடம் வேண்டும். மேல்வரியின் 'கூ', 'நு' கீழே இறங்க, கீழ்வரியின் 'கீ', 'ல்' மேலே ஏற, இரண்டும் முட்டிக்கொள்ளும்.

கீழே உள்ளவற்றைச் சொன்ன ஒழுங்கிலேயே செய்யுங்கள்: முதலில் திரை, பிறகு விண்டோஸ், பிறகு உலாவி, கடைசியாகப் பக்கம். திரை மங்கலாக இருக்கும்போது உலாவியில் எழுத்தைப் பெருப்பித்தால் கிடைப்பது பெரிய மங்கல் எழுத்து.

ஒரு சோதனை வரி

எதையும் தொடுவதற்கு முன் இந்த வரியை உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி, உலாவியில் திறந்து வையுங்கள்:

எரி ஏரி, கொடி கோடி, மனம் மணம், அரம் அறம், பல பல்.

'எ'வுக்கும் 'ஏ'வுக்கும் உள்ள வேறுபாடு அடியில் ஒரு சிறு கோடு. 'கொ'வையும் 'கோ'வையும் பிரிப்பது கொம்பின் தலையில் உள்ள ஒரு சுழி. 'ன', 'ண' இடையே ஒரு வளைவு. 'பல', 'பல்' இடையே ஒரே ஒரு புள்ளி. 12 பிக்சலில் அந்தப் புள்ளிக்குத் திரையில் கிடைப்பது ஒன்றிரண்டு பிக்சல்தான். மங்கலான திரையில் அதுவும் கரைந்துவிடும். தமிழ் நன்றாகத் தெரிந்தவர் சொல்லை முழுதாகப் பார்த்து ஊகித்து வாசித்துவிடுவார், ஆனால் அந்த ஊகத்தின் களைப்பு கண்ணுக்கும் மூளைக்கும்தான். பெயர், முகவரி, தொகை போன்றவற்றில் ஊகம் உதவாது. கொடிக்கும் கோடிக்கும் உள்ள தூரம் பெரியது.

வழமையாக உட்காரும் இடத்தில், முதுகைக் கதிரையில் சாய்த்தபடி, ஐந்து சோடிகளையும் தயங்காமல் பிரித்தறிய முடிகிறதா? முடியாவிட்டால் தொடருங்கள். ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் இதே வரிக்குத் திரும்பி வாருங்கள்.

திரையும் அது இருக்கும் இடமும்

முதலில் துடையுங்கள். இது பகிடி இல்லை. கொழும்பில் காலி வீதிக்குக் கடல் பக்கமாக, வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ யன்னலைத் திறந்து வைத்திருக்கும் வீடுகளில் உப்புக்காற்று திரையில் மெல்லிய படலமாகப் படியும். அதன் மேல் தூசி ஒட்டும். திரை எரியும்போது அது கண்ணுக்குப் படாது. எழுத்தின் விளிம்பு மட்டும் கரைந்து தெரியும். மின்சாரத்தை நிறுத்தி, மைக்ரோபைபர் துணியில் சிறிது தண்ணீர் தொட்டு, அழுத்தாமல் துடைத்தால் போதும். யன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் அமோனியா கலந்த திரவம் வேண்டாம். திரையின் கூச்சத்தடுப்புப் பூச்சை அது கெடுத்துவிடும். தண்ணீரை நேரே திரையில் தெளிக்கவும் வேண்டாம். அடிவிளிம்பு வழியாக உள்ளே இறங்கும்.

அடுத்தது வெளிச்சம். மேற்குப் பார்த்த தொடர்மாடி வீடுகளில் பிற்பகல் மூன்று மணியிலிருந்து வெயில் நேரே உள்ளே விழும். திரை யன்னலைப் பார்த்திருந்தால் வெயில் திரையில் தெறிக்கும். கணினித் திரைக்குப் பின்னால் யன்னல் இருந்தால் அதன் பிரகாசத்துக்குக் கண்மணி சுருங்கி, திரை இருண்டு தெரியும். இரண்டும் கூடாது. யன்னல் உங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ வரும்படி மேசையைத் திருப்புங்கள்.

பிரகாசத்துக்கு எண் சொல்ல முடியாது, ஒரு முறை சொல்லலாம். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். வெள்ளைப் பின்னணியுள்ள இணையப் பக்கம் அந்தத் தாளைவிட விளக்குப் போல் எரிந்தால் பிரகாசம் கூட. சாம்பலாகத் தெரிந்தால் குறைவு. பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கொழும்பில் ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரைக்கு இருட்டிவிடுவதால் விண்டோஸின் நைட் லைட்டைச் சூரிய மறைவிலிருந்து உதயம் வரை என்று ஒருமுறை குறித்து வைத்தால் போதும். அது நிறத்தை மஞ்சளாக்கி இரவில் கண்கூச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். எழுத்தைத் தெளிவாக்காது.

மலிவான லப்டொப் திரைகளில் இன்னொரு சிக்கல். சற்று மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் கறுப்பு எழுத்துச் சாம்பலாகிவிடும். அத்தகைய திரையை, பார்வை செங்குத்தாக விழும்வரை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒரு விரலளவு சாய்வே பெரிய வித்தியாசம் காட்டும்.

மேசைக்கணினி வைத்திருப்பவர்கள் கேபிளையும் பார்க்க வேண்டும். யூனிட்டி பிளாசாவிலோ வேறிடத்திலோ வாங்கிய பழைய அலுவலகக் கணினிகளோடு பெரும்பாலும் வருவது விஜிஏ கேபிள்; நீலத் தலை, 15 ஊசி, இரு பக்கமும் திருகாணி. அது படத்தை அனலொக் சமிக்ஞையாக அனுப்புவதால் எழுத்தின் வலப்பக்கம் மெல்லிய நிழல் விழலாம். மொனிட்டரின் மெனுவில் ஓட்டோ அட்ஜஸ்ட் என்பதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இரு பக்கமும் எச்டிஎம்ஐ அல்லது டிஸ்பிளே போர்ட் துளை இருந்தால் அந்தக் கேபிளுக்கு மாறிவிடுங்கள். இந்த வழிகாட்டியில் கணினிக்கென்று காசு செலவழிக்கச் சொல்லும் ஒரே இடம் இதுதான், செலவுக்கு ஈடான பலனும் உண்டு.

தொலைக்காட்சியை மொனிட்டராகப் பாவிப்பவர்களுக்கு: தொலைக்காட்சி மெனுவில் அந்த எச்டிஎம்ஐ துளையின் வகையைப் பிசி என்று மாற்றுங்கள். ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள். படத்துக்கு அழகு சேர்க்கும் அந்த அமைப்பு எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு போட்டுவிடும்.

விண்டோஸில் மூன்று இடங்கள்

கொழும்பில் பெரும்பாலான கணினிகளில் விண்டோஸ் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால் மெனுப் பெயர்களை ஒலிப்பெயர்ப்பாகவே தருகிறோம்.

முதலாவது, தெளிவுத்திறன். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே என்று போய் டிஸ்பிளே ரெசலூஷனைப் பாருங்கள். பக்கத்தில் ரெக்கமன்டட் என்று குறித்திருக்கும் எண்ணே உங்கள் திரையின் இயல்பான அளவு. எழுத்தைப் பெரிதாக்குவதற்காக இதைக் குறைத்து வைப்பது பரவலான தவறு. 1920க்கு 1080 பிக்சல் உள்ள திரையில் 1366க்கு 768 என்று வைத்தால் ஒரு பிக்சலை ஒன்றரைக்குக் கிட்டிய இடத்தில் பரப்ப வேண்டி வரும். முழுப் பிக்சலில் பொருந்தாததால் எல்லா விளிம்பும் மங்கும், புள்ளிகள் பூசியதுபோலாகும். எப்போதும் ரெக்கமன்டட் அளவிலேயே வையுங்கள்.

இரண்டாவது, ஸ்கேல். எழுத்தைப் பெரிதாக்கச் சரியான இடம் இதுவே. அதே பக்கத்தில் இருக்கும். ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 24 அங்குல மொனிட்டர், 1920க்கு 1080: ஓர் அங்குலத்தில் 92 பிக்சல் வரும். ஆகவே 16 பிக்சல் எழுத்தின் பெட்டி 4.4 மில்லிமீற்றர் உயரம். அதே 1920க்கு 1080 ஒரு 15.6 அங்குல லப்டொப்பில் வந்தால் அங்குலத்துக்கு 141 பிக்சல். அதே எழுத்து 2.9 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும். கடையில் பெரிய மொனிட்டரில் வாசித்த அதே பக்கம் வீட்டு லப்டொப்பில் எறும்பாகத் தெரிவது இதனால்தான். லப்டொப்பில் ஸ்கேலை 150 வீதம் ஆக்கினால் 4.3 மில்லிமீற்றர் வந்துவிடும். மொனிட்டருக்கு 100 அல்லது 125, இத்தகைய லப்டொப்புக்கு 125 அல்லது 150 என்று தொடங்குங்கள்.

அளவு போதுமா என்று பார்க்கப் பாடசாலை அடிமட்டம் ஒன்று போதும். 60 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து வாசிப்பவருக்குக் கட்டுரையின் 'க' எழுத்து 3 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. குறைந்தால் எங்கேயோ கூட்ட வேண்டும்.

அக்ஸஸிபிலிட்டி என்ற பகுதியில் டெக்ஸ்ட் சைஸ் என்று ஒரு நழுவியும் (ஸ்லைடர்) உண்டு, 225 வீதம் வரை போகும். அது விண்டோஸின் மெனுக்களுக்கும் தலைப்புகளுக்கும் உரியது. இணையப் பக்கத்து எழுத்துக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

மூன்றாவது, கிளியர்டைப்: எழுத்தின் விளிம்பைத் திரைக்கேற்பச் சீராக்கும் விண்டோஸ் வசதி. ஸ்டார்ட் தேடலில் இந்தப் பெயரை ஆங்கிலத்தில் தட்டினால் அட்ஜஸ்ட் கிளியர்டைப் டெக்ஸ்ட் என்று வரும். அதைத் திறந்து, மேலே உள்ள கட்டத்தில் சரி போட்டு, நெக்ஸ்ட் அழுத்திக்கொண்டே போங்கள். சில பக்கங்களில் ஒரே வாசகத்தைப் பல விதமாகக் காட்டி எது தெளிவு என்று கேட்கும். காட்டுவது ஆங்கில வாசகம் என்பதால் இங்கே ஒரு யோசனை: இரண்டு ஒன்றுபோல் தெரிந்தால் சற்றுக் கறுப்பானதைத் தெரிவு செய்யுங்கள். மெல்லியது ஆங்கிலத்தில் நேர்த்தியாக இருக்கும், தமிழில் புள்ளியைத் தின்றுவிடும். முடித்ததும் சோதனை வரிக்குப் போய்ப் பாருங்கள். எழுத்தின் ஓரத்தில் சிவப்பு நீலக் கசிவு தெரிந்தால் மறுபடி ஓட்டி வேறு தெரிவு போடலாம்; எத்தனை தடவையும் ஓட்டலாம், எதுவும் கெட்டுவிடாது.

உலாவிக்குள்

கொன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் விசை: பெருக்கும். கழித்தல்: சுருக்கும். பூச்சியம்: பழைய நிலை. மெக் கணினியில் கொன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். இவ்வளவும் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் போவது இரண்டு. ஒன்று, உலாவி இந்த அளவைத் தளத்துக்குத் தளம் நினைவில் வைத்திருக்கும். அடிக்கடி போகும் நான்கைந்து தளங்களில் ஒருமுறை சரிசெய்தால் போதும். மற்றது, லப்டொப்பின் தொடுபலகையில் இரு விரலால் விரிப்பது இதுவல்ல. விரிக்கும்போது பக்கம் ஒரு படம்போலப் பெருக்கப்படும். வரியின் நுனி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டியிருக்கும். விசையால் பெருக்கினால் வரிகள் திரைக்குள் மடிந்து அமையும். ஆகவே விசையையே பாவியுங்கள்.

எல்லாத் தளங்களுக்கும் ஒரேயடியாக வேண்டுமென்றால் குரோமில் செட்டிங்ஸ், அப்பியரன்ஸ் போய் பேஜ் ஸூமை 110 அல்லது 125 ஆக்குங்கள். அதே இடத்தில் பொன்ட் சைஸ் என்று ஒன்றும் உண்டு. அதை மாற்றியும் சில தளங்கள் அசையாமல் இருக்கும். தளத்தைக் கட்டியவர் எழுத்தளவை நிலையான பிக்சல் கணக்கில் கொடுத்திருந்தால் உங்கள் அமைப்பை அது கேட்காது. ஸூம் எல்லாவற்றையும் பெருக்குவதால் எந்தத் தளமும் அதிலிருந்து தப்ப முடியாது. இதனால் ஸூமே முதல் தெரிவு.

கஸ்டமைஸ் பொன்ட்ஸ் என்பதற்குள் குறைந்தபட்ச எழுத்தளவும் இருக்கிறது. திகதி, படக்குறிப்பு போன்ற பொடி எழுத்துகளுக்கு இது கைகொடுக்கும். 14க்கு மேல் ஏற்றாதீர்கள். பொத்தான்களுக்குள் எழுத்து அடங்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், படிவங்களில் அனுப்பும் பொத்தானே மறைந்துபோகலாம்.

ஸ்கேலும் ஸூமும் ஒன்றையொன்று பெருக்கும் என்பதை மறக்க வேண்டாம். விண்டோஸில் 150, உலாவியில் 150 என்றால் கிடைப்பது 225 வீதம். ஒரு திரையில் நாலு வரி மட்டும் தெரிந்தால் அதுவும் வாசிப்புக்குக் கூடாது.

இனி, அதிகம் பேசப்படாத ஒன்று: வரியின் நீளம். 1920 பிக்சல் அகலத் திரையில் உலாவியை முழுதாக விரித்து வைத்தால் சில தளங்களில் ஒரு வரி திரையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓடும். வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கண் திரும்பும்போது வழி தவறும்; அதே வரியை மறுபடி வாசிப்போம் அல்லது ஒன்றைத் தாண்டிவிடுவோம். இணைய அணுகல் வழிகாட்டல்களின் உயர்ந்த நிலை, வரிக்கு 80 எழுத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. தமிழுக்கு 50 முதல் 65 எழுத்து வசதி.

இதற்கு எளிய வழி: விண்டோஸ் விசையோடு இட அம்புக்குறி. உலாவி திரையின் பாதிக்கு ஒடுங்கும். இப்போது ஸூமை 150 ஆக்குங்கள். ஸ்கேல் 100 ஆக இருந்தால் பாதித் திரை 960 பிக்சல். 150 வீதப் பெருக்கத்தில் தளத்தின் கண்ணுக்கு அது 640 பிக்சல்தான். அவ்வளவு ஒடுங்கிய அகலத்தைக் கண்டதும் இன்றைய தளங்கள் பல கைபேசிக்கான அமைப்புக்கு மாறிவிடும். பக்கப் பட்டிகள் மறையும் அல்லது அடியில் இறங்கும். கட்டுரை ஒரே நிரலாக, பெரிய எழுத்தில் நடுவில் நிற்கும். கைபேசியில் நன்றாகத் தெரியும் தளம் கணினியில் ஏன் இப்படி என்று நொந்துகொள்பவர்கள் இதைத்தான் முதலில் செய்து பார்க்க வேண்டும். 1366 பிக்சல் லப்டொப்பில் பாதி 683. அங்கே 110 வீதமே போதும்.

தமிழ் எழுத்துருவைத் தெரிவு செய்தல்

விண்டோஸ் 8 முதல் தமிழுக்கு உள்ளிருந்தே வருவது நிர்மலா யுஐ. சிங்களமும் அதற்குள் இருப்பதால் இரு மொழியும் கலந்த பக்கங்களில் உயரம் ஒத்துப்போகும். அதற்கு முன் தமிழுக்கு லதா, சிங்களத்துக்கு இஸ்கூல பொத்த என்று தனித்தனி. லதா அகலமான, தாராளமான எழுத்து. அதற்குப் பழகிய கண்கள் இன்றும் அதையே கேட்கும். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தாமாக வருவதில்லை. செட்டிங்ஸ் தேடலில் ஒப்ஷனல் பீச்சர்ஸ் என்று தட்டி, பட்டியலில் தமிழ் சப்ளிமென்டல் பொன்ட்ஸ் என்பதைச் சேர்த்தால் வந்துவிடும். விஜயாவைத் திரை வாசிப்புக்குப் பரிந்துரைக்க மாட்டோம். ஒரே அளவில் மற்றவற்றைவிடப் பொடியாகத் தெரியும்.

இன்னொரு நல்ல தெரிவு கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ், இலவசம். கூகுள் பொன்ட்ஸ் தளத்தில் இறக்கி, சிப் கோப்பை விரித்து, ஸ்டாட்டிக் என்ற உறைக்குள் இருக்கும் ரெகுலர், போல்ட் இரண்டையும் வலச்சொடுக்கி இன்ஸ்டோல் கொடுங்கள். உறைக்குள் இருக்கும் மற்றத் தடிப்புகள் வாசிப்புக்குத் தேவையில்லை. லைட், தின் என்று முடிபவற்றின் பக்கமே போக வேண்டாம்.

நிறுவிய எழுத்துருவை உலாவிக்குச் சொல்வதில் பயர்பொக்ஸ் முன்னிற்கிறது. படிகள்:

1. செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் பொன்ட்ஸ் என்று ஆங்கிலத்தில் தட்டி, அட்வான்ஸ்ட் பொத்தானை அழுத்துங்கள்.
2. மேலே உள்ள பொன்ட்ஸ் போர் பட்டியலில் தமிழைத் தெரிவு செய்யுங்கள்.
3. செரிப், சான்ஸ் செரிப் இரண்டுக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லதா, அளவு 20, குறைந்தபட்ச அளவு 14.
4. பக்கங்கள் தங்கள் எழுத்துருவைத் தாமே தெரிவு செய்ய அனுமதிக்கும் சரிக்குறியை முதலில் அப்படியே விட்டு, ஓகே கொடுத்துச் சோதனை செய்யுங்கள்.

சில தமிழ்த் தளங்களில் இந்த அமைப்பு வேலை செய்யாது. தளத்தின் உள்ளே 'இந்தப் பக்கம் தமிழ்' என்று ஒரு குறிப்பு இருக்க வேண்டும். ஆயத்த வார்ப்புருவில் கட்டிய தளங்கள் பலவற்றில் அந்தக் குறிப்பு ஆங்கிலம் என்றே நிற்கும்; அப்போது பயர்பொக்ஸ் லத்தின் பகுதிக்குக் கொடுத்த அளவையே எடுக்கும். ஆகவே பட்டியலில் லத்தினையும் தெரிவு செய்து அளவை 18 ஆக்கி வையுங்கள்.

நான்காம் படியின் சரிக்குறியை எடுத்துவிட்டால் எல்லாத் தளமும் உங்கள் எழுத்துருவிலேயே வரும். அலங்கார எழுத்துருக்களிலிருந்து விடுதலை என்பது உண்மைதான். ஆனால் சில தளங்கள் தேடல், மெனு போன்ற சின்னங்களையும் எழுத்துருவாகவே வைத்திருக்கும். அவை வெறும் கட்டங்களாகிவிடும். பொறுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள்.

குரோமில் மொழிக்கொரு எழுத்துரு என்ற வசதி அமைப்புப் பக்கத்தில் இல்லை. தளம் தமிழில்லாத எழுத்துருவைக் கேட்டால் குரோம் தானாக விண்டோஸின் தமிழுக்கு, பெரும்பாலும் நிர்மலாவுக்கு, போய்விடும். நாள் முழுதும் தமிழ் வாசிப்பவருக்குப் பயர்பொக்ஸையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சொல்வது இதற்காகவே.

வாசிப்பு முறை

விளம்பரம், அசையும் படம், பக்கப் பட்டி எல்லாவற்றையும் உரித்துக் கட்டுரையை மட்டும் தருவது வாசிப்பு முறை. விண்டோஸில் பயர்பொக்ஸிலும் எட்ஜிலும் எப்9 விசை. சபாரியில் ஷிப்ட், கமாண்ட், ஆர். குரோமில் பக்கத்தை வலச்சொடுக்கினால் ரீடிங் மோட் என்று வரும். எழுத்தளவு, வரி இடைவெளி, பின்னணி நிறம் ஆகியவற்றை அதற்குள் மாற்றலாம். தமிழுக்கு வரி இடைவெளி எழுத்தளவின் 1.6 முதல் 1.8 மடங்கு இதமாக இருக்கும். எழுத்துகளுக்கிடையிலான இடைவெளியைக் கூட்டும் தெரிவைத் தொடாதீர்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்பதுபோல் தெரியும்.

முகப்புப் பக்கத்தில் இந்தப் பொத்தான் வராது. தலைப்பைச் சொடுக்கிக் கட்டுரைக்குள் போன பிறகே வரும். சில தளங்களில் கட்டுரைக்குள்ளும் வராது. அங்கே பாதித் திரை உத்திதான் கதி.

கண் களைத்த வேளைக்கு எட்ஜில் கொன்ட்ரோல், ஷிப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தை வாசித்துச் சொல்லும். குரல் பட்டியலில் இலங்கைத் தமிழுக்கென்றே குமார், சரண்யா என இரு குரல்கள் உண்டு. இணைய இணைப்பு இருந்தால்தான் அவை பேசும். நீண்ட கட்டுரையைக் கேட்டுக்கொண்டே கண்ணால் தொடர்வது வயதானவர்களுக்கு நன்றாகக் கைவரும்.

கறுப்புப் பின்னணி எல்லோருக்கும் நல்லது என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) உள்ளவர்களுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து ஒளிவட்டம் போட்டுத் தெரியும். தமிழ்ச் சுழிகள் அடைத்துக்கொள்ளும். பகலில் கறுப்பு எழுத்து, இளமஞ்சள் அல்லது வெள்ளைப் பின்னணி. இரவில் மட்டும் கரும்சாம்பலில் வெளிர்சாம்பல் என்று வைத்துப் பாருங்கள். இதற்காகக் கண்ட கண்ட உலாவி நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) நிறுவுவதில் கவனம் வேண்டும். 'நீங்கள் போகும் எல்லாத் தளத்தின் தரவையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி' என்று அவை கேட்கும். வங்கிக் கணக்குத் திறக்கும் உலாவியில் அந்த அனுமதியை எளிதில் கொடுக்கக் கூடாது.

வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து இன்னொரு தொல்லை. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது சர்வதேச அணுகல் வழிகாட்டலின் நியமம். அதைக் கடைப்பிடிக்காத தளங்கள் ஏராளம். வாசிப்பு முறை இதையும் சரிசெய்துவிடும். இடது ஆல்ட், இடது ஷிப்ட், பிரிண்ட் ஸ்கிரீன் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் விண்டோஸின் உயர்வேறுபாட்டு நிறங்கள் வரும், மறுபடி அழுத்தினால் போகும். பூனை விசைப்பலகையில் நடந்து திரை முழுதும் கறுத்துப்போனால் அதுவும் இதுவாக இருக்கலாம்.

எதற்கும் மசியாத பக்கங்கள்

பழைய இலங்கைத் தமிழ்த் தளங்களிலும் ஆவணங்களிலும் எழுத்துப் பெருத்தாலும் வாசிக்க முடியாத ஒன்று வரும்: தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பை. தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று நின்றால் அது பாமினி. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோட் வருமுன் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டிச் செய்த எழுத்துரு அது. அதே எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டால் அடியிலிருக்கும் ஆங்கிலமே தெரியும். வாசகத்தைப் பிரதி எடுத்து, பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் இணையக் கருவி ஒன்றில் ஒட்டி மாற்றுங்கள். அடையாள அட்டை எண், கணக்கு விபரம் உள்ள ஆவணத்தை அப்படி ஒட்ட வேண்டாம். அதற்கு வேர்டில் ஒட்டிப் பாமினி எழுத்துருவை நிறுவி வாசிப்பதே பாதுகாப்பு.

ஸ்கான் செய்த பக்கங்கள் வேறு வகை. 'நூலகம்' என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்தில் உள்ள பழைய நூல்கள், இதழ்களைப் போன்றவை பக்கத்தின் படங்கள். அவற்றுக்கு எழுத்துரு அமைப்பு எதுவும் செல்லாது. பக்கத்தின் அகலத்தைத் திரைக்குப் பொருத்தும் தெரிவை முதலில் கொடுத்து, இரண்டு நிரல் இருந்தால் ஒரு நிரல் திரையை நிறைக்கும்வரை பெருக்கி, மேலிருந்து கீழாக ஒரு நிரலை முடித்த பின் மற்றதற்குப் போங்கள். படத்துக்குள் எழுத்து இருக்கும் அறிவித்தல்களுக்கு விண்டோஸ் விசையும் கூட்டலும்: உருப்பெருக்கி திறக்கும். விண்டோஸ் விசையும் எஸ்கேப்பும்: மூடும். மூடத் தெரியாமல் கணினியையே அணைத்துப் போடுபவர்கள் இருப்பதால் இரண்டாவதையும் மனப்பாடம் செய்து வையுங்கள்.

எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வந்தால் அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. கொம்பு ஒரு புள்ளி வட்டத்தோடு தனியே நின்றால் தட்டச்சு செய்தவர் ஒழுங்கு மாற்றித் தட்டியிருக்கிறார்; வாசகரால் ஆவது ஒன்றுமில்லை.

கண்ணும் கண்ணாடியும்

திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறையும். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை இமைப்பவர் கணினி முன் ஐந்து, ஏழு என்று இறங்கிவிடுவார். எரிச்சலுக்குப் பெரும் காரணம் அதுவே. நீல ஒளித் தடுப்புக் கண்ணாடி என்று கூடுதல் விலைக்கு விற்பவற்றால் இந்தக் களைப்புக் குறைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. மேசைக் காற்றாடியையும் ஏசியையும் முகத்துக்கு நேரே ஊதவிடாதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால், இருபது வினாடி பார்ப்பது கண் வைத்தியர்கள் சொல்லும் வழக்கம். யன்னல் வழியே அடுத்த தொடர்மாடியின் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தாலும் சரி.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வரும். வாசிப்புக் கண்ணாடியைச் செய்பவர் பொதுவாக 35, 40 சென்ரிமீற்றர் தூரத்தைக் கணக்கிடுவார், ஏனெனில் புத்தகம் பிடிக்கும் தூரம் அது. திரை இருப்பது 55, 65 சென்ரிமீற்றரில். இரண்டடுக்குக் கண்ணாடி போட்டவர் கீழ்ப்பகுதியால் பார்க்கத் தாடையைத் தூக்குவார், கழுத்துவலி அங்கிருந்து தொடங்கும். அவர்களுக்குத் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கண்மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருந்தால் சரி. சோதனை வரி எல்லா அமைப்புக்கும் பிறகும் தடுமாற வைத்தால் கண்ணைச் சோதிக்கும் நேரம் வந்துவிட்டது. போகுமுன் வழமைபோல் கதிரையில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரை வரையுள்ள தூரத்தை அளவுநாடாவால் வேறொருவரைக் கொண்டு அளந்து, சென்ரிமீற்றரில் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த எண்ணைக் கொடுத்தால் அந்தத் தூரத்துக்கே கண்ணாடி எழுதித் தருவார்கள்.